மூன்றாவது கையெழுத்து

மூன்றாம் முறை எண்ணியபோதும் இருபத்தைந்துதான் வந்தது.

முப்பத்தைந்து கேள்விகள். இருபத்தாறு சரியாக இருந்தால், தொலைபேசி இல்லாமலே வெளியூரோடு பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ். எவரிஸ்தோ இருபத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் எழுதியதைப் பார்த்து நெரெய்தாவும் இருபத்தாறு என்று எழுதிப் போட்டுவிட்டாள். அவள் எண்ணவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

எங்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தின் சாப்பாட்டு அறையில் மேசைகளைத் தள்ளிப்போட்டுத் தேர்வு வைக்கிறோம். தேர்வாளர் மூன்று பேர் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திருத்த வேண்டும் என்பது சட்டம். ஒருவர் மனம் இளகினால் மற்ற இருவர் பிடித்து நிறுத்துவார்கள் என்று அதை எழுதிய புண்ணியவான் நம்பியிருக்கிறான்.

ஜன்னலோரம் ஹசிந்தோ காத்திருந்தார். மடியில் தொப்பியை வைத்து அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மலையுச்சியில் முதியோர் இல்லம் நடத்துபவர். போன புயலில் எங்கள் தீவே இருண்டு கிடந்தபோது, பொன்ஸே நகரத்துக்குப் போகும் பாதை பதினோரு நாள் மூடிக்கிடந்தது. தொலைபேசியும் இல்லை. உதவிக்குக் கூப்பிட வழியில்லாமல் அவருடைய இல்லத்தில் இரண்டு கிழவர்கள் இறந்துபோனார்கள். இந்தத் தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தார். அடுத்த புயல் பருவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

ஓட்டை போட்ட அட்டையை விடைத்தாளின் மேல் மறுபடி வைத்தேன். விடை சரி என்றால் ஓட்டைக்குள் கறுப்பாகத் தெரியும். இந்த முறை வெள்ளையாகத் தெரிந்தவற்றை எண்ணினேன். பத்து.

பத்தாவது வெள்ளை எந்தக் கேள்வி என்று பார்த்திருக்கக் கூடாது. கேள்வித்தாளில் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஆன்டெனா கம்பத்துக்கும் மின்கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியை நெருங்காத அளவு. ஹசிந்தோ நாலடி போதும் என்று குறித்திருந்தார்.

அந்தக் கேள்வி கண்ணில் பட்டால் படிக்காமல் தாண்டிவிடுவதுதான் என் வழக்கம்.

"இருபத்தஞ்சு" என்றேன் மெதுவாக.

எவரிஸ்தோ நாற்காலியை இழுத்துக்கொண்டு என் காதோரம் வந்தார். எழுபத்து நான்கு வயது. ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர், என்னையும் சேர்த்து.

"ஒரு கேள்வியில என்ன குடி முழுகிடப் போவுது, மிக்தாலியா? மேல ஒம்பது கிழங்கட்டைங்க அவனை நம்பி உக்காந்திருக்கு."

"எண்ணினா இருபத்தஞ்சுதான் வருது, எவரிஸ்தோ ஐயா. நான் என்ன செய்ய?"

நெரெய்தா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினாள். சண்டை வந்தால் அவளுக்கு உடனே ஏதாவது தொலைந்துபோகும்.

இதே காரியத்தைச் செய்த பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போன வருடம் லைசென்ஸ் கொடுக்கும் வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் லைசென்ஸ் போயிற்று. அந்தப் பயமும் எனக்கு இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது சின்னப் பயம்.

எவரிஸ்தோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரிய நீதிமான் மாதிரி பேசாதே. நீ தேர்வு எழுதினப்போ உன் தாளும் இருபத்தஞ்சுதான். நான்தான் இருபத்தாறுன்னு எழுதினேன். அந்த லைசென்ஸை வச்சுத்தானே புயல்ல ரேடியோவுல மருந்துப் பட்டியல் படிச்சு அத்தனை பேரைக் காப்பாத்தினே?"

ஜன்னலோரம் ஹசிந்தோவின் வாய் அசைந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார் போல.

"எனக்கு எதெல்லாம் தப்பாச்சு?"

"பதினாலு வருஷமாச்சு. அதெல்லாம் யாருக்கு..."

அப்போதுதான் கேள்வித்தாளில் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இந்தக் கேள்வியும் அவற்றில் ஒன்று, அது அவருக்கு ஞாபகம் இருந்தது என்று அந்த முகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரே கோணலாக வந்தது.

"தேறலையா?" என்று ஹசிந்தோ எழுந்து நின்றார். "எத்தனையில போச்சு?"

"ஒன்னுல. திரும்ப எழுதலாம். ஆனா அதுவரைக்கும் கூரை மேல கம்பத்தை நிறுத்தாதீங்க. நான் வந்து இடத்தைப் பாக்காம தொடவே தொடாதீங்க, கேக்குதா?"

என் குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்திருக்க வேண்டும். அவர் பயந்துபோய்த் தலையாட்டினார்.

என் லைசென்ஸ் வந்த ஒன்பதாம் நாள், என் கணவர் எலியேசர் எனக்காகக் கூரைமேல் ஏறி ஆன்டெனா கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து அவரை அடக்கம் செய்தோம். அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவர் எவரிஸ்தோ. அவ்வளவு சிநேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே முற்றத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள் என்று சொன்னவள் நான். இடது பக்கம் மின்கம்பி போவது எனக்குத் தெரியும். நாலடி தள்ளி இருந்தால் போதும் என்று நினைத்தேன்.