வெறுங்கை

சற்குணத்தின் வலக்கை மேசைமேல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"பார்க்கின்சன் நோய், அங்கிள். பூச்சிமருந்து, களைமருந்து புழங்குறவங்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல்னு இப்போ சொல்றாங்க. எஸ்டேட் தோட்டத்துல மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டார் ஜார்ஜ் டவுன் டாக்டர்.

"நானோ? ஒரு நாளும் பம்பு தூக்கினதில்லை. டை கட்டின உத்தியோகம் எனக்கு. பிறகு ஏன் இது வந்தது?"

"அப்போ காரணம் சொல்றது கஷ்டம்லா."

குழப்பத்தோடு வெளியே வந்தவர், வாசல் கடையில் கோப்பி வாங்கினார். பாதி சட்டையில் கொட்டியது. கடைக்காரப் பெண் ஓடிவந்து குவளையைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அவள் கை அசையவே இல்லை.

"என்னைத் தெரியலையா ஐயா? வடிவம்மாள். தோட்டத்துல ரொம்ப வருஷம் மருந்து அடிச்சவ."

சற்குணம் திடுக்கிட்டார். "உனக்குக் கை நடுங்கேல்லையோ?"

"இல்லீங்க. நீங்க கம்பெனி மருந்து விக்க வர்றப்பல்லாம், 'ஒண்ணும் செய்யாது, பாருங்க'ன்னு வெறுங்கையை டிரம்முல விட்டுக் கலக்கிக் காட்டுவீங்களே! நாங்கதான் உங்களை நம்பாம, கையில பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டு அடிச்சோம்லா."