கடையில் மாட்டிய பலகை

எமர்ஜென்சி வந்த இரண்டாவது வருஷம். படப்பையில் டீக்கடை நடேசனைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைச் சுவரில் சர்க்காரைத் திட்டி எவனோ நோட்டீஸ் ஒட்டியிருந்தான். அதுதான் குற்றம்.

மறுநாள் காலை அவன் பெண்சாதி அம்சவல்லியே அடுப்பைப் பற்றவைத்தாள். வழக்கமான ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவரு நோட்டீஸ் ஒட்டுற ஆளா? உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தராவது ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்கண்ணா. அடிச்சே சாவடிச்சிடுவானுங்க."

எல்லோரும் டீ கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரசுராமண்ணா, நீ அவருக்குக் கூட்டாளி. நீயாவது வாண்ணா."

பரசுராமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். வருகிறான் என்றே நினைத்தாள். அவன் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினான். 'இங்கே அரசியல் பேசக்கூடாது.'

"உங்க கடை சட்டம்தாம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அம்சவல்லி பலகையை நிமிர்ந்து பார்த்தாள். போன மாசம் பக்கத்துத் தெரு சவரியம்மாள் இதே இடத்தில் நின்று, போலீஸ் பிடித்துப்போன தன் புருஷனுக்காக இதே மாதிரிதான் கெஞ்சினாள். நடேசன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியும் விட்டான். அவனைத் தடுத்து உட்கார வைத்து, மறுநாளே அந்தப் பலகையை எழுதி வாங்கி வந்து மாட்டியவள் அம்சவல்லிதான்.