ஒற்றை நட்சத்திரம்

“எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் வேலை இது,” என்று மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார் வீட்டுக்காரர். “கையில மட்டும் கெடைச்சான், தோலை உரிச்சுடுவேன்.”

மனைவி போனைப் பார்த்து மறுபடியும் படித்தாள். அவர்களுடைய பண்ணை விடுதியின் இணையப் பக்கத்தில் ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் யாரோ இன்னொரு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

‘மாடி அறையில் தங்க வேண்டாம். விடிந்தும் விடியாமல் மரங்கொத்தி வந்து ஜன்னல் கண்ணாடியைக் கொத்தும். கட்டில் கிறீச்சென்று சத்தம் போடும். சமையல் மட்டும் நன்றாக இருந்தது.’

“அந்த ரூம்ல இதுவரைக்கும் ஒருத்தரும் தங்கலையே. எப்படிங்க எழுதறான்?”

“வாய்க்கு வந்ததை எழுதறான். அதுக்கெல்லாம் தங்கணுமா என்ன?”

“கட்டில் சத்தம் போடறது நெஜம்தானே?”

“எந்தக் கட்டில்தான் சத்தம் போடல?” என்று வாத்துகளைத் திறந்துவிடப் போய்விட்டார். அவருக்குப் போன் என்றால் காதில் வைத்துக் கத்துவதற்கு மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

கீழே இருக்கும் அறைகள் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தவை. ஏரி தெரிவது மாடியிலிருந்துதான், விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பதிவு செய்கிற நேரத்தில் இந்த வழிப்போக்கன் எழுதியதைப் படித்துவிட்டு, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வீட்டை விலைக்குக் கேட்டு ஒரு தரகர் வேறு வாரந்தோறும் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். இந்தப் பருவமும் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சரி சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

மாடி அறை மகளுடையது. வீட்டை விடுதியாக்கி இணையத்தில் போடலாம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். “என் வீட்டுக்குள்ள ஊரானைப் படுக்க வைக்கறதா?” என்று அப்பா குதித்தார். பேச்சு முற்றிப்போய், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்புறம் மழை பொய்த்தது, விளைச்சல் படுத்தது, கடைசியில் அவள் சொன்னதையே செய்ய வேண்டி வந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. அம்மா கூப்பிட்டாலும் அவள் போனை எடுப்பதில்லை.

“அவ பேச்சை எடுக்காதே. அந்த ரூமையும் போட்டோ புடிச்சுப் போடு. சும்மா பூட்டி வச்சு என்ன பண்றது?” என்று சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு மனைவி மகளின் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அவர் பாட்டுக்குச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். என்ன மனுஷனோ என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

காலைச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போன் அடித்தது. பறவைகளைப் படம் எடுக்கும் குழு ஒன்றின் தலைவர் பேசினார். பருவம் முழுக்க வீட்டையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவள் தயங்கினாள். “ஐயா, அதுல ஒருத்தர் மோசமா எழுதியிருப்பாரு. பாத்தீங்களா?”

“பாத்ததாலதாம்மா கூப்பிடறேன். கண்ணாடி வரைக்கும் மரங்கொத்தி வருதாமே. எங்க ஆளுங்க துள்றாங்க. எனக்கு அந்த மாடி ரூம்தான் வேணும்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாத்துப் பட்டிக்கு ஓடினாள். “ஏங்க, அந்தப் படுபாவி கெடுக்கறேன்னு நெனச்சு நமக்கு நல்லது பண்ணிட்டான். மரங்கொத்திக்காகவே வர்றாங்களாம். சாயங்காலம் முடிவாச் சொல்றேன்னிருக்காரு. வீடு தப்பிச்சுதுங்க.”

“ஓ... அப்படியா,” என்றார் அவர். கையிலிருந்த தீவனத்தை அப்படியே வைத்துவிட்டு, கைகழுவப் போனார்.

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். வழிப்போக்கன் மறுபடியும் வந்திருந்தான்.

‘மரங்கொத்தியை நம்பி யாரும் போக வேண்டாம். அது இப்போதெல்லாம் வருவதே இல்லை.’

அவள் அதை இரண்டாம் தடவையும் படித்தாள். குழு வரப்போவதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. மகளின் கட்டிலில், மூக்குக் கண்ணாடி நழுவ, ஒற்றை விரலால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார் அவர். அவளைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை.

“நீங்களா?” என்றாள். “இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நாம எங்கங்க போறது? அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னவரு நீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

அவர் படுக்கை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். வெகுநேரம் நீவினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“திடீர்னு அவ வந்துட்டா, எங்க படுப்பா?”