பச்சையும் ஆரஞ்சும்

“பச்சை டயலுக்கு ஆரஞ்சு ஸ்ட்ராப்பா? இதைக் கட்டிக்கிட்டு வந்தா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்!” என்று வாட்ச் கடை நடுவில் நின்று கத்தினாள் அந்தப் பெண்.

“எனக்கு இதுதான் உசுரு. நீ வேற மாப்பிள்ளை பாத்துக்கோ!” என்றான் அவன்.

பேட்டரி மாற்ற வந்திருந்த தொப்பைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. முதலில் அவருக்கும் அந்த வாட்ச் கண்ணைக் குத்தியது. சண்டை முற்ற முற்ற, அதில் என்னவோ அழகு இருப்பதாகப் பட்டது. சும்மாவா இப்படி அடித்துக்கொள்வார்கள்?

“வாட்சை நான் வாங்கிக்கிறேன். நீங்க ராசியாகிடுங்கப்பா” என்றவர், பேரம்கூடப் பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாதி வழியில் பழைய வாட்ச் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனால், கவுன்ட்டருக்குப் பின்னால் கடை யூனிஃபார்மில் அதே பெண்! பக்கத்தில் மாப்பிள்ளை, மஞ்சள் ஸ்ட்ராப் போட்ட ஊதா வாட்ச் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிடுங்க சார். விக்காத வாட்ச்தான் இந்த வருஷ போனஸ்னு முதலாளி சொல்லிட்டார். வித்தாதான் எங்க கையில காசு” என்று திருதிருவென விழித்தாள் அவள்.

தொப்பைக்காரர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் இப்போதும் அழகாகத்தான் தெரிந்தது. அதுதான் கொடுமை.

“சரி, ஊதாவை யார் தலையில கட்டப் போறீங்க? சண்டையில பொண்ணோட அப்பா இல்லாதது பெரிய குறைம்மா. நகருங்க, நான் நிக்கிறேன்.”