சாக்குக்குள் இருந்த பெட்டி

“இதுவும் இல்ல தயாபரன். இது மெக்னீட்டோ சுவிட்ச்.” எஞ்சினியர் புவாத் அந்தப் பாகத்தை மேசையில் வைத்துவிட்டு லிஸ்ட்டில் ஒரு கோடு போட்டார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

விமானத்தின் பாகங்கள் கிடந்த சாக்கில் இன்னும் ஐந்தாறுதான் மிச்சம். ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாம் துருவும் தேயிலைத் தூசும்.

கொஸ்லந்தைக்கு மேலே அந்தத் தோட்டத்தில், தேயிலை பெக்டரிக் கொட்டகைக்குள் முப்பது வருடமாகத் தூங்கிய இரண்டு சீட் விமானம் அது. தோட்டத்தை நடத்திய பழைய துரை ஒருவர் ஆசையாக வைத்திருந்தது. அவருடைய பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் புவாத்தை வைத்து அதைப் பழுதுபார்த்து வாசலில் நிறுத்தப் போகிறார்கள். பக்கத்தில் அதன் கதையைச் சொல்லும் பலகை ஒன்றும் வரும்.

அந்தப் பலகையில் ஒரு வரி: ‘தோட்டத்து எலக்ட்ரீசியன் முருகையா ரெகுலேட்டரைத் திருடியதால் இந்த விமானம் பறப்பதை நிறுத்தியது.’

முருகையா, தயாபரனின் அப்பா. திருட்டுப் பட்டத்தோடு வேலை போய், அந்த ஏக்கத்திலேயே நாலு வருடத்தில் செத்தும் போனார். நாலு மணிக்குப் பலகை பதுளையில் அச்சுக்குப் போகிறது. அதன் பிறகு வருகிறவன் போகிறவனெல்லாம் அப்பாவைத் திருடன் என்று வாசித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வான்.

“எங்கப்பா எடுத்திருக்க மாட்டாருங்க சேர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆகிப்போச்சு.”

“பேசாம தேடுங்க. எஞ்சின் வேகம் ஏறினாலும் எறங்கினாலும் கரண்ட ஒரே அளவுல நிறுத்துற பெட்டி. கைக்குள்ள அடங்கும்.”

தயாபரன் சாக்கை அப்படியே கவிழ்த்தான். ஒரு ரிலே. ஒரு உடைந்த அம்மீட்டர். பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை.

“எங்க லயத்து வீடுகள்ல கரண்டே இல்லாத காலத்துல, ஓடைத் தண்ணியில டைனமோவச் சுத்தவிட்டு நான் படிக்க பல்பு போட்டுக் குடுத்தவருங்க. மழைக்கு ஓடை பெருகினாக்கூட அந்த பல்பு ஒரு நாள் பியூஸ் போனதில்ல. அப்படிப்பட்ட வேலைக்காரருக்குத் திருட்டு எதுக்குங்க சேர்?”

புவாத் மணியைப் பார்த்தார்.

கடைசியாக உருண்டு விழுந்தது ஒரு கறுப்புப் பெட்டி. மூடியில், வேறு எந்தப் பாகத்திலும் இல்லாத ஒன்று: காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் வைப்பதுதானே என்று நினைத்தபடி தயாபரன் கத்தி முனையால் அதைச் சுரண்டினான். அடியில் எண்கள் தெரிந்தன.

புவாத் போனில் இருந்த பழைய கையேட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார். இரண்டு தடவை ஒப்பிட்டார்.

“தயாபரன்... இதேதான்! சாக்குக்குள்ளேயே கெடந்திருக்கு. யாரும் திருடல!”

அவரே அச்சகத்துக்குப் போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னார். மூன்று ஐம்பத்தைந்து. தயாபரன் விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான்.

அப்புறம் ஒரே ஓட்டமாக லயத்துக்கு ஓடினான். அப்பா போன பிறகு பெக்டரியைக் கூட்டிப் பெருக்கியே அவனை ஆளாக்கிய அம்மா பெரியாயி, அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா! அந்தப் பெட்டி கெடச்சிருச்சும்மா! இத்தன வருசமா பெக்டரி சாக்குலயே கெடந்திருக்கு. அப்பா திருடல. எழுதினதையும் எடுத்துட்டாங்க!”

பெரியாயி திரும்பவில்லை. கல்லில் கிடந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடியில சந்தனப் பொட்டு இருந்திச்சா?”

“இருந்திச்சு. பெக்டரி ஆயுத பூசையில வச்சிருப்பாங்க.”

ரொட்டி கருகும் வாசம் வந்தது.

“இல்லடா. நம்ம வீட்டு டைனமோவுல மாட்டியிருந்தப்போ, பூசைக்கு நான் வச்சது.”