இரவல் குப்பை

பக்கத்து வீட்டு மஹ்பூபி முந்தானைக்குள் மூட்டையை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்தாள். முனியம்மா சட்டென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“யாராவது பாத்தாங்களா?”

“ஒரு காக்கா பாத்துது. அது போய் சொல்லாது. பெரிய சாயபு பங்களா மாலு, அக்கா. பத்திரமா பிரி.”

முனியம்மா பிரித்தாள். மாதுளம்பழத் தோல், பாதாம் ஓடு, ஆட்டெலும்பு, பெங்களூர் பிஸ்கோத்து சுற்றி வந்த பளபளக் காகிதம். அடகுக் கடைக்காரன் நகையைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“ஊர்ல நகையைத்தான் இரவல் வாங்குவாங்க. குப்பையை இரவல் வாங்கறவ நீ ஒருத்திதாம்மா” என்றாள் மகள் சௌந்தரம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் பிள்ளை, கோபத்திலும் முதல்.

“எடுத்தது என்னமோ பங்களா வாசல் தொட்டிலதானே? என் ஆட்டுக்குத் தினம் அங்கதான் பழத்தோலு பொறுக்கறேன்” என்று மஹ்பூபி சிரித்தாள். “இன்னிக்கு என் ஆடு பட்டினி. உன் கல்யாணத்துல அதுக்கும் ஒரு இலை போடு.”

வாணியம்பாடியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வீடு வாசலில் மூடி போட்ட இரும்புத் தொட்டி வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அன்றிலிருந்து யார் வீட்டில் என்ன குழம்பு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மூடியைத் தூக்கினால் போதும்.

“அம்மா, வீட்டுத் தொட்டிக்கு வீட்டுக் குப்பை, தோல் பதனிடற ஷாப்புக் குப்பைக்கு வேற தொட்டி. ஒருத்தர் வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் தொட்டில போட்டா ஒரு ரூபா அபராதம். அந்த நோட்டீஸைத் தெருவுக்கே படிச்சுக் காட்டினவ நானு. என் வீட்லயே இந்தக் கூத்தா?”

“நோட்டீஸு வந்து உன்னைக் கட்டிக்குமா? மாப்பிள்ளையோட அம்மா போற எடமெல்லாம் தொட்டி மூடியைத் தொறந்து பாக்கற பொம்பளையாம். தரகரே சொன்னாரு. நாட்றம்பள்ளில தென்னந்தோப்பு வச்சிருக்கிற குடும்பம்டி. நம்ம தொட்டில இன்னா இருக்குது? கேவுரு தவிடு, கருவாட்டு முள்ளு, உங்கப்பா தோல் ஷாப்புலேர்ந்து கால்ல ஒட்டிக்கினு வர்ற ஆவாரம்பட்டைத் தூளு!”

இதற்கு முன் சௌந்தரத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பள்ளிக்கூட வேலையை விட்டால்தான் தாலி என்றார்கள். இந்த ராமமூர்த்தி ஒருவன்தான், ரயில்வே குமாஸ்தா, “அவங்க வேலை அவங்க இஷ்டம்” என்று சொல்லி அனுப்பியவன். இந்தச் சம்பந்தத்தைக் கைவிட அவளுக்கும் மனசில்லை. அதனால்தான் அம்மா மேல் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மா பட்டுப் புடவையில், அளந்து அளந்துதான் பேசினாள். “ஒரு மாசமா இந்த ஊர்லதான் இருக்கேன். தெரிஞ்சவங்க பங்களா. அவங்க விடமாட்டேங்கறாங்க” என்றாள். முனியம்மா ஓரக்கண்ணால் வாசல் தொட்டியைப் பார்த்தாள்.

காப்பித் தம்ளரை வாங்கிய கையைச் சௌந்தரம் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

“மருதாணிடி” என்று முனியம்மா அடுப்படியில் காதைக் கடித்தாள். “கையை வச்சிக்கினு சும்மா குந்தியிருக்கிற பாக்கியம் யாருக்கு வரும்?”

உள்ளங்கையை விட்டுவிட்டு விரல் நுனிக்கு மட்டும் மருதாணி வைக்கிறவர்களைச் சௌந்தரம் பார்த்ததில்லை. பணக்காரர்கள் வழக்கமோ என்னமோ என்று விட்டுவிட்டாள்.

பலகாரம் முடிந்தது. கை கழுவ வேண்டும் என்று கன்னியம்மா வாசலுக்கு எழுந்தாள். சௌந்தரம் சொம்புத் தண்ணீரோடு பின்னாலேயே போனாள். அதற்குள் தொட்டி மூடி திறந்திருந்தது.

கன்னியம்மா குனிந்து ஒரு மாதுளம் தோலை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்ல பழம்” என்றாள். “தினமும் உண்டா?”

சௌந்தரம் தலையை ஆட்டியிருந்தால் போதும், கல்யாணம் நிச்சயம். ஆனால் அந்த வாய்க்குப் பொய் பழக்கமில்லை.

“இது எங்க குப்பையே இல்லீங்க. பெரிய சாயபு பங்களா குப்பை. உங்களுக்குக் காட்டணும்னே வாரியாந்து கொட்டியிருக்கு. எங்க வீட்ல கேவுரு கூழும் கருவாடும்தான். எங்கப்பாவும் தரகர் சொன்ன மாதிரி மேஸ்திரி இல்ல, தோல் ஷாப்புல மயிர் சுரண்டறாரு. வேணாம்னா இப்பவே சொல்லிட்டுக் கெளம்புங்க. ஜட்கா இன்னும் நிக்குது.”

உள்ளே அப்பாவோடு ராமமூர்த்தி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. இனி அந்தச் சிரிப்பு இந்த வீட்டுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சத்தம் வராமல் தொட்டியை மூடினாள். அப்புறம் சொம்பை வாங்கி விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பழுப்பு போகவில்லை.

“உங்கம்மாகிட்ட சொல்லிடாதடி கண்ணு” என்று குரலைத் தாழ்த்தினாள். “நாட்றம்பள்ளித் தோப்பு தரகர் வாயிலதான் இருக்குது. அந்தப் பங்களா சமையக்கட்டுல இந்தப் பழத்தைக் காலைல உரிச்சதே நான்தான்.”