சூசையின் கன்னம்

குப்பத்துச் சுவரில் தான் வரைந்த முகங்களில், கடலில் இறந்த சூசையின் கன்னம் மட்டும் ஏன் அழிகிறது என்று ஜெனோவாவுக்குப் புரியவில்லை. மூன்று முறை திருத்தியாயிற்று.

“வடக்குக் குப்பத்தானுங்கதான் சுரண்டுறானுங்க,” என்றான் அப்போதுதான் கரையேறிய லாசர். பத்துப் பேர் துடுப்போடு திரண்டார்கள். லாசர் தினமும் போலச் சூசையின் கன்னத்தைத் தடவினான். “வந்துட்டோம்ணே. இன்னைக்கு அவனுங்களை விடமாட்டோம்.”

“லாசரண்ணே, அந்தக் கையைக் காட்டுங்க,” என்றாள் ஜெனோவா.

ஈர மணல் ஒட்டிய உள்ளங்கையில் பழுப்புச் சாயம் இருந்தது. அந்த மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மற்றவர்களும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

“இனிமே தொடக்கூடாதா?” லாசரின் குரல் இறங்கியிருந்தது.

ஜெனோவா சூசைக்கு நீட்டிய கை ஒன்று வரைந்து, உள்ளங்கையை மட்டும் வெறும் சிமெண்டாக விட்டாள்.